சுவிட்ச் இல்லாத பெட்டி

2007ஆம் ஆண்டு, வைகாசி மாதம். எஹலியகொடைப் பக்கம் இருக்கும் எங்கள் இறப்பர் தோட்டத்திலிருந்து கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கல்யாணக் கச்சேரி செய்யப் புறப்பட்டோம். அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது பயம் இல்லை, எரிச்சல்தான். எல்லாவற்றுக்கும் காரணம், என் கையால் நானே செய்த ஒரு சின்ன அலுமினியப் பெட்டி.

அப்போது எனக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாலை நேரங்களில் எங்கள் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பேன். குழுவின் தலைவர் என் மனைவியின் அண்ணன். கீபோர்ட் வாசிப்பது, பளபளக்கும் சட்டை போடுவது, எங்களை அதட்டுவது மூன்றும் அவர் பொறுப்பு. மச்சான் என்றாலும் வயதில் மூத்தவர், அதனால் எதிர்த்துப் பேசுவதென்றால்கூட ‘நீங்க, வாங்க’ போட்டுத்தான் பேசுவேன்.

கிட்டார் பெடல் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், தரையில் வைக்கும் பெட்டி அது. மேலே துருத்திக்கொண்டிருக்கும் சுவிட்சைக் காலால் ஒரு மிதி மிதித்தால், சாதுவாகப் பாடிக்கொண்டிருக்கும் கிட்டார் கரகரவென்று கத்தத் தொடங்கும். இன்னொரு மிதியில் பழையபடி சாதுவாகிவிடும். கொழும்பில் ஒரு ஹோட்டல் குழு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம். பழைய அலுமினிய டிபன் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பழுதான ரேடியோக்களில் கழற்றிய சாமான்களை வைத்து நானே ஒன்று செய்தேன்.

உள்ளே சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி. அதை அணைக்கவும் போடவும் தனியாகச் சுவிட்ச் கிடையாது. அந்த வகைப் பெட்டிகளை அப்படித்தான் செய்வார்கள். கிட்டார் வயரின் முனையைப் பெட்டியில் குத்தினால், அந்த முனையே உள்ளே பேட்டரியின் கம்பியை இணைத்துவிடும். பிடுங்கினால் பேட்டரி நின்றுவிடும். கச்சேரி முடிந்த களைப்பில் அணைக்க மறந்து, பேட்டரி சும்மா கிடந்தே செத்துப்போகிற தொல்லை இல்லை. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. அது எவ்வளவு அழகான ஏற்பாடு என்பதைத் துப்பாக்கிக்கு முன்னால் நின்று விளக்க வேண்டி வரும் என்று யார் கண்டது?

முதலில் அந்தப் பெட்டியில் லைட்டும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மன் திருவிழாவில்தான் வினை வந்தது. முன்னால் வாசித்த பாட்டுக்கு மிதித்ததை மறந்துபோய், அம்மன் பாட்டைத் தொடங்கிவிட்டேன். தாலாட்டு மாதிரி போக வேண்டிய பாட்டு, மரம் அறுக்கிற ஆலை மாதிரி போயிற்று. பூசாரி தட்டோடு திரும்பிப் பார்த்தார். மச்சான் அன்று என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. பெட்டி வேலை செய்கிறதா இல்லையா என்று காட்ட ஒரு லைட் வைத்தே தீர வேண்டும் என்று கட்டளை போட்டார். வைத்தேன். கடையில் சிவப்புதான் இருந்தது.

லைட் வந்ததும் அதோடு ஒரு சத்தமும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பீக்கரில் ‘டொப்’. கையால் கதவில் ஓங்கிக் குத்தினால் வருமே, அந்தச் சத்தம். ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டி முடித்து, எல்லோரும் அமைதியாகச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் மிதித்தேன். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் ‘டொப்’. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அப்படியே நாற்காலிகளுக்குக் கீழே போய்விட்டது. பலர் சிரித்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் தினமும் பஸ் ஏறியவர்களுக்கு அந்தச் சத்தம் எதை ஞாபகப்படுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. காரணத்தைத் தேடிப் பிடித்தேன். லைட் குடிக்கிற கரண்ட், பாட்டுச் சத்தம் போகிற அதே மெல்லிய எர்த் கம்பி வழியாகத்தான் திரும்பி வந்தது. லைட் சட்டென்று பற்றும்போது அந்தக் கம்பி ஒரு குலுக்குக் குலுங்கும். ஸ்பீக்கர் அதைத்தான் ‘டொப்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. லைட்டுக்கென்று தனிக் கம்பி போட்டு நேராகப் பேட்டரிப் பக்கம் கொண்டுபோனேன். சட்டென்று பற்றாமல் மெல்ல எரியும்படி ஒரு கெப்பாசிட்டர் வைத்தேன். கிட்டார் வயர் வந்து சேரும் இடத்தில் தேங்கி நிற்கிற கரண்ட் கசிந்து இறங்கிவிட ஒரு ரெசிஸ்டரும் போட்டேன்.

வீட்டில் கெசட் பிளேயரோடு இணைத்து மிதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை! ஓடிப்போய் மச்சானைக் கூட்டி வந்து காட்டினேன். மிதித்தேன், மறுபடியும் மிதித்தேன்.

“இப்ப நான் என்னா கேக்கணும்?” என்றார்.

“ஒண்ணும் கேக்கலதானே மச்சான்? அதுதான்!”

“ஒண்ணும் கேக்காம இருக்கிறதுக்கா ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்திருந்தீங்க?” என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கெசட் பிளேயரில் கேட்காத சத்தம் பெரிய ஸ்பீக்கரில் கேட்கலாம் என்ற கவலை மட்டும் எனக்குள் இருந்தது. அதைக் கேகாலைக் கல்யாணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பையில் வைத்தேன். மிதித்துக் காட்டிய சுவிட்ச் போட்டபடியே இருந்ததைக் கவனிக்கவில்லை.

சத்தத்தைப் பெருக்கும் அம்ப், ஸ்பீக்கர் எல்லாம் முதல் நாளே லொறியில் போய்விட்டன. வேனில் நாங்களும் வாத்தியங்களும் மட்டும். ருவன்வெல்லையைத் தாண்டிக் கேகாலையை நெருங்கும் இடத்தில், ஒரு வளைவில், மணல் மூட்டை அடுக்கிய சோதனைச்சாவடி. புதிதாகப் போட்டிருந்தார்கள் போல. எங்களுக்கு அது பழக்கம்தான். இறங்குவது, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது, தோட்டத்துப் பெயரைச் சொல்வது, எங்கே, ஏன், எப்போது திரும்புவது என்ற கேள்விகளுக்குப் பணிவாகப் பதில் சொல்வது. ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது என்று உள்ளுக்குள் கொதித்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டோம்.

ஒரு ராணுவச் சிப்பாய் என் பையைத் திறந்தார். டிபன் பெட்டியை வெளியே எடுத்தார். கூடவே இருந்த வயரையும் எடுத்தார். வயரின் முனையைப் பார்த்தார், பெட்டியில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். குத்திவிட்டார்.

சிவப்பு லைட் மெல்ல மெல்ல, கண் விழிப்பது மாதிரி, எரியத் தொடங்கியது. சட்டென்று எரிந்திருந்தால்கூட அவ்வளவு மோசமாக இருந்திருக்காது. நான் வைத்த கெப்பாசிட்டர் வேலை செய்த லட்சணம் அது!

அந்தச் சிப்பாய் மூச்சுக்கூட விடாமல் பெட்டியைப் புல் மேல் வைத்தார். பின்வாங்கினார். பிறகுதான் கத்தினார். அடுத்த நிமிடம் எங்களைச் சுற்றித் துப்பாக்கிகள். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் ஓடி வந்தார். “மொகக்த மே?” இது என்ன என்று கேட்டார். அணைக்கச் சொன்னார்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்று எந்த மொழியிலும் அதைச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

“சுவிட்ச் இல்லை சேர். வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மேலே நடுவில் துருத்திக்கொண்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். அதுதான் சுவிட்ச் என்றேன். இப்போதுதானே சுவிட்ச் இல்லை என்றாய் என்று பாய்ந்தார். இல்லை சேர், அது கரண்டுக்கு இல்லை, சத்தத்துக்கு என்றேன். அமத்தினால் என்ன சத்தம் வரும் என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? நல்ல சத்தத்தைக் கெடுக்கும் என்றேன். எந்தக் கடையில் வாங்கியது என்றார்.

“நானே செய்தது சேர்.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்கும் துப்பாக்கிகள் ஓரடி கிட்டத்தான் வந்தன. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் சார்ஜன்ட். ‘விசாரித்துவிட்டு’ என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஒருவரை அப்படித்தான் விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வந்தபோது, அவர் போன பிறகு பிறந்த குழந்தை நடக்கப் பழகியிருந்தது.

கையைத் தூக்கியபடியே மச்சான் ஆரம்பித்தார்.

“நான் அப்பவே நெனச்சேன், இந்தப் பெட்டியால நமக்கு ஒரு நாள் வினை வரும்னு.”

“லைட்டு வைக்கச் சொன்னது யாரு? நீங்கதானே?” என்றேன்.

“லைட்டுதான் வைக்கச் சொன்னேன். செவப்பு லைட்டு வைக்கச் சொன்னேனா? ஒரு பச்சை கெடைக்கலையா ஒங்களுக்கு?”

“கடையில இல்ல! வேணும்னா நீங்க போய் வாங்கியாந்திருக்கணும்!”

“சாமி பாட்ட நாசம் பண்ணினது நானா, நீங்களா? ஒழுங்கா வாசிச்சிருந்தா லைட்டே வேணாமே!”

துப்பாக்கிகளுக்கு நடுவில், கையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பெரிய மனிதர்கள் லைட்டின் நிறத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சார்ஜன்டைக்கூட மறந்துவிட்டேன். “கட வஹகன்ன!” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் இரண்டு பேரும் வாயை மூடினோம்.

கிட்டாருக்கு உள்ள சாமான் என்றால் வாசித்துக் காட்டு என்றார். அம்ப் இல்லாமல் அது ஊமைப் பெட்டி. அம்ப் லொறியில் போய்விட்டது என்றேன். அதற்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார், எதிர்பார்த்த பதில்தான் என்பது மாதிரி. ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் மறித்து வைத்திருந்த வாகனங்களிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். தொப்பி, சாரம், குறுந்தாடி. தோட்டம் தோட்டமாகப் போய்ப் படுக்கை விரிப்பும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிற மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. வேன் கூரையில் ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அந்த ஆளை எனக்கு முன்பின் தெரியாது.

சார்ஜன்ட் அவரையும் அதட்டினார். அவர் அசையவில்லை. தன்னுடைய வேனில் அம்ப் இருக்கிறது, அதில் குத்தி வாசிக்கச் சொல்லுங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் கொண்டுபோங்கள் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சார்ஜன்ட் வளைவு வரைக்கும் நின்ற வாகன வரிசையைப் பார்த்தார். சரி என்று கையைக் காட்டினார்.

வேன் முன்னால் வந்தது. சிப்பாய்கள் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். மச்சானையும் மற்றவர்களையும் தூரத்தில் உட்கார வைத்தார்கள். என்னைப் பெட்டியிடம் போகச் சொன்னார்கள். வயரைப் பிடுங்கி, பெட்டியை வேன் வாசலுக்குக் கொண்டுவந்து, கிட்டாரை மாட்டினேன். அந்த வியாபாரி கதவைத் திறந்து அம்ப்புக்குப் பக்கத்திலேயே நின்றார்.

“மைக் குத்துற ஓட்ட இதுதான் தம்பி. ஒங்கட வயருக்கும் சைஸ் சரிதான்” என்றார்.

“நானா, வொலியூம கொஞ்சம் கொறச்சு வைக்கலாமா?” என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டேன். எனக்குப் பயம் அந்த ‘டொப்’பைப் பற்றித்தான். கெசட் பிளேயரில் கேட்காதது இந்த ஹோர்னில் கேட்டுவிட்டால்? விரல்கள் எல்லாம் விசையில் இருக்கும் நேரம் இது.

“கொறைக்க ஏலாது தம்பி. அந்தத் திருகி ஒடஞ்சி போய் ஈக்கி. ஃபுல்லுலதான் நிக்கிது.”

வாய் சும்மா இருந்திருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றி, “சேர், மிதிக்கிறபோது ஒருவேளை ‘டொப்’ என்று ஒரு சத்தம்...” என்று சிங்களத்தில் ஆரம்பித்தேன். தூரத்திலிருந்து மச்சான், “ஐயோ மாப்ள, வாய மூடுங்க!” என்று கத்தினார். என்ன சத்தம் என்றார் சார்ஜன்ட். ஒன்றும் இல்லை சேர் என்றேன்.

சுவிட்சை முதலில் கையால் மெல்ல அமத்தி அணைத்துவிட்டு, வயர்களைக் குத்தினேன். ஹோர்ன் ‘உஸ்’ என்று மூச்சுவிட்டது. கிட்டாரைத் தட்டினேன். ரோடு முழுவதும் நல்ல சத்தம். இனிப் பெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கினேன். மணல் மூட்டைக்கு மேலே தெரிந்த அந்தச் சிப்பாயின் முகம் என்னைவிட வெளுத்திருந்தது. அவருக்கு என் வயதுகூட இருக்காது. குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

லைட் மட்டும் எரிந்தது. விரலை ஓட்டினேன். நோய்வாய்ப்பட்ட எருமை மாதிரி ஹோர்ன் கத்தியது. அவ்வளவு கேவலமான சத்தத்தை நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. மறுபடி மிதித்தேன், கிட்டார் சாதுவாயிற்று. மிதித்தேன், எருமை. யாரும் சுடவில்லை. மணல் மூட்டைக்குப் பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார்.

சார்ஜன்ட் பெருமூச்சுவிட்டுக்கொண்டு வந்தார். நன்றாகத்தானே இருந்தது, ஏன் அதைக் கெடுக்கிறாய் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

“பாத்தீங்களா? அவரும் அதத்தான் சொல்றாரு!” என்றார் மச்சான், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. அந்த நேரத்திலும் அவருக்கு வெற்றிதான் முக்கியம்.

நான்கு ஆணியையும் கழற்றச் சொல்லி உள்ளே பார்த்தார் சார்ஜன்ட். லைட்டைப் பிடுங்கச் சொன்னார். எல்லாச் சோதனைச்சாவடியிலும் அம்ப் வைத்த வேன் நிற்காது என்றார். குறட்டால் இரண்டு கம்பியையும் வெட்டினேன். எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இழுத்த கம்பிகள்! எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது. அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் வெட்டினேன்.

சாவடியைத் தாண்டி இரண்டு வேன்களையும் ஓரமாக நிறுத்தினோம். அந்த வியாபாரி தன்னுடைய வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுற்று ஒழுங்காக விழவில்லை. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“நானா, ஒங்களுக்குப் பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“பயமில்லாம ஈக்குமா தம்பி? ஆனா நீங்க ரெண்டு பேரும் புடிச்ச சண்ட கேட்டுச்சி. குண்டு கொண்டு போறவன், பச்ச லைட்டா செவப்பு லைட்டான்டு மச்சானோட சண்ட புடிப்பானா?” என்று சொல்லிச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் மச்சானும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

வளைவுப் பக்கமிருந்து ஒரு பெண் வேகவேகமாக நடந்து வந்தார். வாகன வரிசையின் கடைசிக்கும் அப்பாலிருந்து வருகிறார் என்பது அவருக்கு வாங்கிய மூச்சில் தெரிந்தது. கையில் ஒரு கைக்கடிகாரம், ஒரு பர்ஸ், ஒரு ஃபோன். அந்த வியாபாரியின் மனைவி. எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் தன் மனைவியை வேனிலிருந்து இறக்கி, தன்னிடமிருந்ததையெல்லாம் கழற்றிக் கையில் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அந்த அம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. கணவரின் நடுங்கும் கையைப் பிடித்து, கடிகாரத்தைத் தானே கட்டிவிட்டார். “இனி ஒரு நாளைக்கி ஆருக்காவது அம்ப் குடுக்கப் போறன்டு எறங்குங்க பாப்போம்” என்று மட்டும் சொன்னார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். நான் நன்றி சொன்னதை அவர்கள் இருவரும் கேட்டார்களோ என்னவோ, வேன் போய்விட்டது.

எங்கள் சண்டையைக் கேட்டு எங்களை முழுதாக நம்பித்தான் வந்தார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் நம்பியிருக்கிறார், குண்டாகவே இருந்துவிட்டால் என்ற மீதிப் பாதிக்குக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுந்து போக வேண்டிய நேரத்தில், எதற்கும் நன்றாக விசாரித்துவிட்டுப் போகலாமே என்று மனம் இழுக்கும்போதெல்லாம், அந்த அம்மா கடிகாரம் கட்டிவிட்ட அந்தக் கைதான் என்னைக் கிளப்பி அனுப்புகிறது.